கதவு தட்டாத் தெரு

எங்கள் நகரத்தில் தெருக்களுக்குக் குடும்பம் குடும்பமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பகுதி முழுக்கப் பறவைகள், இன்னொரு பகுதி முழுக்க வாத்தியங்கள். அக்கா வீடு குயில் தெருவில். பழைய பகுதியில் மட்டும் அங்கே நடந்ததுதான் தெருவுக்குப் பெயர்: நொண்டிக்குதிரைச் சந்து, இரட்டைக் கிணற்றுத் தெரு, கடைக்கோடியில் கதவு தட்டாத் தெரு.

அவற்றுக்கும் பூக்களின் பெயரை வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. போர்டு மாட்டுவது எனக்கும் அத்தானுக்கும் பிழைப்பு. நான் ஏணி பிடிப்பேன், அக்கா புருஷனான அவர் மேலே ஏறி அதிகாரம் செய்வார்.

மத்தியானம் போய் இறங்கினோம். தெருவில் ஈ காக்கை இல்லை. ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கைப் பிடித்தது. ஜன்னலில் ஓர் அம்மாள் தலையை நீட்டினாள்.

"ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க. எங்கேயும் தட்டிடாதீங்க."

"தட்டினா?"

"திருப்பித் தட்டும். அப்புறம் பின்னாடியே வரும்."

"வரட்டும்மா. ஏணி தூக்க ஆள் இல்லாம திண்டாடுறோம்" என்றார் அத்தான். நானும் சிரித்தேன்.

போர்டுக்குக் குறித்திருந்தது ஆளில்லாத மூலை வீடு. துளை போடும் முன் சுவர் கெட்டியா, உள்ளே பொள்ளலா என்று தட்டிப் பார்ப்பது வழக்கம். அத்தான் எங்கே தட்டினாலும் ஒரே தாளம்தான். டொக்டொக், சற்று விட்டு, டொக். வீட்டில் அந்தத் தாளம் கேட்டால் போதும், என் அக்கா மகள் யார் என்றுகூடக் கேட்காமல் ஓடிவந்து திறந்துவிடுவாள்.

தட்டினார்.

சுவருக்குள்ளிருந்து டொக்டொக்... டொக்.

எட்டிப் பார்த்தேன். கூரை எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் புல்.

"நீயாடா?" என்றார் அத்தான்.

"நான் ஏணியையில்ல பிடிச்சிருக்கேன்!"

மறுபடியும் கேட்டது. இம்முறை அடுத்த வீட்டுச் சுவரில். பிறகு அதற்கடுத்த வீட்டில். அது தெருமுனையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

நாங்கள் வந்த வழியில்.

"பாப்பா தனியா இருக்காடா" என்றார் அத்தான். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். வீட்டுக்குப் போன் செய்தோம். அடித்துக்கொண்டே இருந்தது. ஏணியை அப்படியே போட்டுவிட்டு வண்டியை விரட்டினோம்.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பழக்கதோஷத்தில் அத்தான் கையை ஓங்கினார். நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"கூப்பிடுங்க, அத்தான்."

கூப்பிட்டார். திறந்தாள். அத்தான் அவளை வாரி அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

"கண்ணு, யாராச்சும் கதவைத் தட்டினாங்களா?"

"நீங்கதானேப்பா தட்டினீங்க? திறந்தேன், உங்களைக் காணோம். ஒளிஞ்சு விளையாடுறீங்கன்னு வீடெல்லாம் தேடினேன்."

சாத்தியிருந்த உள்ளறைக்குள்ளிருந்து டொக்டொக்... டொக்.

"ஐ! அப்பா, நான் போய்த் திறக்கட்டுமா?"

அவளைத் தூக்கிக்கொண்டு அப்படியே வெளியேறினோம். அக்காவையும் அந்த வீட்டுக்குள் விடவில்லை. பூட்டிய வீடு பூட்டியபடியே கிடக்கிறது.

அப்புறம் ஒருநாள் பழைய பகுதிக்கு ஏணியை எடுக்கப் போனேன். அந்தத் தெருவில் இப்போது எல்லாரும் தாராளமாகக் கதவைத் தட்டுகிறார்கள். ஜன்னல் அம்மாள் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

குயில் தெருவில் நாங்கள் மாட்டிய போர்டு இன்னும் பளபளவென்று இருக்கிறது. ஆனால் போன வாரம் ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னபோது அவர் தலையைச் சொறிந்தார்.

"எது சார், கதவு தட்டாத் தெருவா?"