மஞ்சுளாவுக்கு ஆட்டுப்பால்

1991 ஜூலை 8, திங்கள். நேற்று ராத்திரி பால் கரண்டியைக் கழுவாமல் மஞ்சுளாவின் கேழ்வரகுக் கஞ்சியைக் கிண்டிவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

மூக்கண்டப்பள்ளி முதியோர் கல்வி மாலை வகுப்பில் கொடுத்த நோட்டில் இதை எழுதிவிட்டு வெங்கடம்மா நிமிர்ந்தாள். ஆறு வயது மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சுருண்டு கிடந்தாள். விடிகாலையில் மலத்தோடு மறுபடியும் ரத்தம்...

மூன்று மாதமாக இல்லாத ரத்தம்! இந்தக் குழந்தைக்குப் பால் ஒவ்வாமை, குடித்தால் குடல் புண்ணாகிறது, எந்தப் பாலானாலும் அடியோடு நிறுத்தினால் தேறிவிடுவாள் என்று பெங்களூர் டாக்டரம்மா சொல்லியிருந்தார். இன்னொரு தடவை ரத்தம் வந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கவைக்க வேண்டியிருக்கும் என்றும் எச்சரித்திருந்தார். பிள்ளை ஏங்கிவிடக் கூடாதென்று வெங்கடம்மாவும் அன்றிலிருந்து வரக்காப்பிதான் குடித்தாள். நாத்தனார் நாராயணம்மாவுக்குத்தான் அது பொறுக்கவில்லை.

"ரெண்டு மாடு கறக்கிற ஊட்ல பெத்த புள்ளைக்கு ஒரு வாய் பால் இல்லியா? நீயெல்லாம் ஒரு தாயா!"

தினமும் இதே பாட்டு.

வெங்கடம்மா குனிந்து மகளின் நெற்றியைத் துடைத்தாள்.

"அம்மா... நான் சொன்னன்னு அத்தைகிட்ட சொல்லாத. அத்தை தினமும் ஆட்டுப்பால் குடுக்குது. வெல்லம் போட்டு."

வெங்கடம்மா கொல்லைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். போன வாரம் நாத்தனார் சந்தையிலிருந்து கறவை ஆடு ஓட்டிவந்தது இதற்குத்தானா!

அப்போதுதான் நைட் ஷிப்ட் முடிந்து திம்மராயன் உள்ளே வந்தான். மகளைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"மறுபடியும் ரத்தமா? எப்படிடி? உன்ன நம்பித்தான வுட்டுட்டுப் போறன்!"

கொல்லையில் ஆடு கறந்துகொண்டிருந்த நாராயணம்மாவின் கை அப்படியே நின்றது.

"என் தப்புதாங்க... பால் கரண்டியைக் கழுவாம கஞ்சி கிண்டிட்டன்."

"படிக்கப் போனா போதுமா? கரண்டி கழுவத் தெரியல!"

வெங்கடம்மா தலை குனிந்து நின்றாள்.

"டேய், நிறுத்துடா!" சொம்போடு வாசற்படியில் நின்றாள் நாராயணம்மா. "அவள வையாத. நாந்தான்டா குடுத்தன். மாட்டுப்பால்தான ஆகாது, ஆட்டுப்பால் மருந்தாச்சேன்னு... ஐயோ, என் கையாலயே புள்ள குடலப் புண்ணாக்கிட்டனே!"

நாராயணம்மா வெங்கடம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நான் சொன்னப்ப நீ திடுக்கிடவே இல்ல, உனக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு... ஏன்டி என்னைக் காட்டிக் குடுக்கல?"

"சொன்னா அப்புறம் நீங்க அவளத் தூக்கக்கூட பயப்படுவீங்க அண்ணி. அவளுக்கு அத்தை வேணும்."

சொம்பு கீழே விழுந்து உருண்டது. "உன்னப் போயி என்னென்ன பேசிட்டன்டி..." நாராயணம்மா அவளைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"தப்புப் பண்ணினவங்க ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டீங்க. வைஞ்ச நான்தான் கெட்டவனா?" என்றான் திம்மராயன், கண்ணைத் துடைத்தபடி.

"அத்தை, அப்ப வெல்லம்?" சுவரோரத்திலிருந்து சன்னமாகக் குரல் வந்தது.

"உண்டுடி கண்ணு! கேவுரு கஞ்சில போட்டுத் தரன்."

டாக்டரம்மா செவ்வாய்க்கிழமைதான் பார்ப்பார். பெங்களூருக்கு நாளை காலை ஆறு மணி பஸ். மஞ்சுளாவை நாராயணம்மா தூக்கிக்கொள்ள வேண்டும். நடந்ததை டாக்டரம்மாவுக்குப் புரியும் கன்னடத்தில் நாராயணம்மாவே சொல்ல வேண்டும்.