டோரதியின் இதயம் எங்கே?

டோரதி இருமினால் ஐந்தாம் வகுப்பே திரும்பிப் பார்க்கும். மழைக்காலம், வெயில்காலம் என்ற கணக்கே அவளுக்குக் கிடையாது. எப்போதும் சளி, எப்போதும் இருமல். அது டி.பி. என்று யாரோ கிளப்பிவிட்டதிலிருந்து, அவள் பெஞ்சில் அவள் மட்டும்தான்.

அடுத்த பெஞ்சில் தங்கம். அவளுடைய அப்பாவுக்கு தி.நகரில் ஜவுளிக்கடை. "அந்தப் பொண்ணு கிட்ட போயிராத, கேட்டியா?" என்று அம்மா தினமும் சொல்லி அனுப்புவாள்.

ஒரு நாள் அறிவியல் பாடம். "நெஞ்சுல இடது பக்கம் கை வச்சுப் பாருங்க. துடிக்குதா?" என்று கேட்டார் சந்திரமௌலி சார்.

"துடிக்குது சார்."

டோரதி மட்டும் எழுந்து நின்றாள். "எனக்குத் துடிக்கலை சார்."

"அப்போ நீ உயிரோட இல்லியா?" என்றான் ஷரீஃப். வகுப்பே சிரித்தது. டோரதியும் சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது. கண்ணில் நீர் முட்டியது.

தங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. துடிக்காமல் எப்படி இருக்கும்? எழுந்தாள். அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. கொஞ்சம் தயங்கினாள். பிறகு போய், டோரதியின் நெஞ்சில் காதை வைத்தாள். சரியாகக் கேட்கவில்லை. காதை மெல்ல நகர்த்தினாள்.

"இருக்கு சார். வலது பக்கம் துடிக்குது."

சார் அன்று மாலையே டோரதியின் அம்மா மர்சலினிடம் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள்.

மறுவாரம் மர்சலின் வகுப்புக்கே வந்தார். "இவளுக்கு இதயம் வலது பக்கம்தான். பிறவியிலேயே அப்படி. மூக்குலயும் நெஞ்சுக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத குட்டி குட்டி முடி இருக்குமாம். அது அசைஞ்சு சளியை வெளிய தள்ளுமாம். இவளுக்கு அது அசையலை. இதயம் இடம் மாறினதும் இதனாலதானாம், பரம்பரையா வர்றதுன்னு டாக்டர் சொன்னார். டி.பி. இல்லை. யாருக்கும் ஒட்டாது."

"மருந்து குடுத்தா சரியாயிடுமா ஆன்ட்டி?" என்றாள் தங்கம்.

"முழுசா சரியாகாதும்மா. குனிய வச்சு முதுகுல தட்டினா சளி வெளிய வரும். காலையிலயும் ராத்திரியும் நான் தட்டுவேன். மத்தியானம்தான் என்ன பண்றதுன்னு தெரியலை."

"மத்தியானம் நான் தட்டுறேன்."

அது ஒட்டாத நோய் என்று தங்கம் வீட்டில் சொன்னபோது, அம்மா அவளுடைய டிபன் பாக்ஸைக் கழுவி வைத்தாள். பிறகு, "சோத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டாள்.

"முன்னாடிம்மா. பின்னாடி தட்டினா சாம்பார் சாதமும் சேர்ந்து வந்துரும்."

மறுநாள் மத்தியானம் டோரதி பெஞ்சில் குப்புறப் படுத்துத் தலையைத் தொங்கவிட்டாள். தங்கம் உள்ளங்கையைக் குவித்துத் தட்டினாள். ஷரீஃப் பக்கத்தில் வந்து நின்றான்.

"நானும் தட்டட்டா?"

"மெதுவா தட்டு. நான் மிருதங்கம் இல்ல," என்றாள் டோரதி, தலைகீழாக.

கொஞ்ச நேரத்தில் அவள் குழாயடிக்கு ஓடிப்போய்ச் சளியைத் துப்பி, வாய் கொப்பளித்து வந்தாள். ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். மூச்சில் எப்போதும் கேட்கும் விசில் சத்தம் இல்லை.

"பசிக்குது," என்றாள்.

தங்கம் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, டோரதியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.