அச்சில் விழுந்த அம்மைத் தழும்பு

"ஐயா, இந்தக் கையில எண்ணெ கீதா? நீங்களே பாருங்க."

வியாழக்கிழமை காலையில் மார்த்தாள் இரண்டு கைகளையும் நீட்டியபடி வீராசாமியின் வாசலில் நின்றாள். போலீஸ் கைரேகைப் பிரிவில் முப்பது வருஷம் இருந்துவிட்டு, இப்போது உத்திரமேரூரில் வேர்க்கடலை பயிரிடுகிறவர் வீராசாமி. யார் கை நீட்டினாலும் பார்க்காமல் விடமாட்டார். பூதக்கண்ணாடியை எடுத்து நிதானமாகப் பார்த்தார். பக்கத்தில் சேட்டு. சைக்கிள் கடையைத் திறக்காமலே ஓடி வந்திருந்தான். ஊரில் ஒரு கோழி காணாமல் போனாலும் அவனுக்கு அது பெரிய சதி.

"எண்ணெய் இல்லம்மா. உக்காந்து சொல்லு."

மார்த்தாள் வேலை செய்தது வந்தவாசி சாலையில் பஞ்சாட்சரத்தின் பட்டறையில். விமானப் பாகம் செய்கிற பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு அங்கே அச்சு செய்கிறார்கள். கண்ணாடி இழைத் துணியில் முன்கூட்டியே பிசின் ஏற்றிச் சுருளாக வரும். அதற்கு ப்ரீப்ரெக் என்று பெயர், பட்டறையில் அது பிசின் துணி. நம் ஊர் வெயிலில் கெட்டுவிடும் என்று அதை ஐஸ் கம்பெனியின் குளிர் அறையில் வைத்திருப்பார்கள். வேலை நாளன்று எடுத்து வந்து, மாதிரியின் மேல் அடுக்கடுக்காக ஒட்டி, உறை போட்டுக் காற்றை உறிஞ்சி, அடுப்பில் வேகவைத்தால் அச்சு தயார்.

"மொத ரெண்டும் மூஞ்சி பாக்கற கண்ணாடி மாதிரி வந்துச்சுய்யா. அடுத்த மூணும் ஒடம்பெல்லாம் பொத்தல், அம்மத் தழும்பு மாதிரி. எண்ணெ வெச்ச தலையத் தொட்டுட்டு அதே கையால துணியத் தொட்டேன்னு மொதலாளி என்னை நிறுத்திட்டாரு. நாத்து நட்டுக்கினு இருந்தவ, ஒரு வருசமா கத்துக்கினேன் இந்த வேலைய. இப்ப மார்த்தா தொட்டா வெளங்காதுன்னு ஊரே பேசுது. நாளைக்குக் கடைசிச் சுருளு. அதுவும் போச்சுன்னா ஆர்டரும் பூடும், பழியும் என் தலையில." அவள் அழவில்லை. கோபம்தான் இருந்தது.

"ஐஸ் கம்பெனி வரதன்தான் சார்!" என்றான் சேட்டு. "சுருள மாத்திட்டான்."

"வாப்பா, முதல்ல பாக்கலாம்," என்றார் வீராசாமி.

பட்டறையில் பஞ்சாட்சரம் நெற்றி நிறைய விபூதியோடு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர்தான், பதற்றம் வந்தால் மட்டும் கண் தெரியாது. "மூணு அச்சு சார்! ஒரே பேஜாரா கீது."

கெட்டுப்போன அச்சை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வீராசாமி அம்முலுவைக் கூப்பிட்டார். மார்த்தாளோடு சேர்ந்து துணி ஒட்டுகிறவள் அவள்தான்.

"யார் எந்தப் பக்கம்மா?"

"எடது பக்கம் மார்த்தா, வலது பக்கம் நானு. குறுக்க கை எட்டாதுங்க."

"காத்து உறிஞ்சும்போது ஒழுகிச்சா?"

"இல்லீங்க. மீட்டர் முள்ளு ஆடவே இல்ல, நான் பாத்துக்கினேதான் இருந்தேன்."

பிறகு அவர் கழிவுத் தொட்டியில் கைவிட்டார். ஒவ்வொரு தடவையும் வெட்டிப் போட்ட ஓரத் துண்டுகள் அதில் கிடந்தன. மேலே கிடந்த மூன்று துண்டுகளில் விரல் நீளத்துக்குச் சிவப்புக் கோடு, அடியில் கிடந்த பழைய இரண்டில் இல்லை.

"ரத்தம் சார்!" சேட்டு துள்ளினான்.

வீராசாமி முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சுருள் எத்தனை மணிக்கு வரும்?"

"எட்டரைக்கு. வெள்ளிக்கிழமை பத்தரைலேர்ந்து ராகுகாலம், அதனால பன்னெண்டரைக்குத்தான் துணி விரிப்போம்," என்றார் பஞ்சாட்சரம்.

திரும்பும் வழியில் வீராசாமி சொன்னார். "சேட்டு, ரெண்டு கோலி சோடா வாங்கி, ரெண்டுக்கும் வெளியில ஒரு குங்குமப் பொட்டு வெச்சு, தனித்தனி பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டி ஐஸ் பெட்டில வெச்சுடு. காலையில எடுத்துக்கினு வா."

துப்புத் துலக்குவார் என்று பார்த்தால் மனுஷர் சோடாவுக்குப் பொட்டு வைக்கச் சொல்கிறாரே என்று சேட்டுவுக்கு ஒரே எரிச்சல். ஆனாலும் செய்தான்.

மறுநாள் எட்டரைக்கு வரதன், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிய சுருளை இறக்கினான். பஞ்சாட்சரம் கற்பூரத் தட்டோடு வந்து, கத்தரிக்கோலால் பையின் வாயை வெட்டப் போனார். அம்முலு பக்கத்தில் நின்றாள். மார்த்தாள் வாசல்படி தாண்டவில்லை.

"மொதலாளி, அரை மணி பொறுங்க," என்றார் வீராசாமி.

"நல்ல நேரம் போயிடும் சார்!"

"அதுக்குள்ள முடிச்சுடறேன்."

ஒரு சோடாவின் பையைப் பிரித்து வைத்தார். இன்னொன்றைத் தொடவில்லை. எல்லோரும் இரண்டு சோடாவைச் சுற்றி நின்றுகொண்டு வேர்வை துடைத்தார்கள். அரை மணி ஆயிற்று. பிரித்த பாட்டிலில் முத்து முத்தாகத் தண்ணீர், பொட்டு கரைந்து சிவப்புக் கோடாக வழிந்திருந்தது. கட்டிய பைக்கு வெளியேதான் ஈரம், உள்ளே பொட்டு வைத்தபடியே இருந்தது. வீராசாமி சட்டைப் பையிலிருந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே கோடு.

"அட, குங்குமமா!" என்றான் சேட்டு.

"மொதலாளி, நீங்க துணி ஓரத்துல குங்குமத்தைக் குழைச்சா வெச்சீங்க?"

"இல்ல சார், தூளாத்தான்."

"அப்ப துணி நனைஞ்சிருந்தாத்தான் கோடு ஓடும். மொத ரெண்டு அச்சோட துண்டுல பொட்டே இல்ல. எப்பலேர்ந்து பூஜை?"

பஞ்சாட்சரம் கையிலிருந்த கற்பூரத் தட்டைப் பார்த்தார். "பெரிய ஆர்டராச்சே, மூணாவதுலேர்ந்து போடறேன். அதுக்கு முன்னால மத்தியானந்தான் பையைப் பிரிப்போம். நல்ல நேரத்துல தெறந்ததை மூடக்கூடாதுன்னு அப்படியே வெச்சுடுவேன்."

"அங்கதான் வந்துச்சு வினை. ஐஸ்லேர்ந்து வந்த துணி, காத்துல இருக்கற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கும். மத்தியானம் பாத்தா காஞ்ச மாதிரிதான் தெரியும், ஈரம் பிசினுக்குள்ள இருக்கும். அடுப்புல அது ஆவியாகி மேல வர்ற வழிதான் இந்தப் பொத்தல். எண்ணெயா இருந்தா மார்த்தா கை பட்ட எடது பக்கந்தானே கெடணும்? வலது பக்கத்துலயும் அதே பொத்தல் எப்படி வந்துச்சு?"

பஞ்சாட்சரம் தட்டைக் கீழே வைத்தார். "அப்போ என் கையாலதான் நானே கெடுத்துக்கினேன்." வாசல் பக்கம் திரும்பினார். "மார்த்தா, நாலு பேர் எதிர்ல உன்னைச் சொன்னேன். நாலு பேர் எதிர்லயே சொல்றேன், தப்பு என்னுது. உள்ள வாம்மா."

பத்தரைக்கு முன்னால் பையின் வெளியே பொட்டு வைத்தார். சாமிக்கும் குறையில்லை, துணிக்கும் குறையில்லை. பையின் குளிர் முழுக்க விட்டபிறகு, பன்னிரண்டரைக்கு, கத்தரிக்கோலை மார்த்தாளிடம் கொடுத்தார்.

சனிக்கிழமை காலையில் அச்சைப் பிரித்தார்கள். ஒரு பொத்தல் இல்லை. சேட்டு அதில் தன் மீசையை முறுக்கிப் பார்த்துக்கொண்டான். மார்த்தாளும் குனிந்து பார்த்தாள். வழித்து வாரிய அவள் தலை அச்சில் பளபளவென்று மின்னியது.

"மொதலாளி," என்றாள் நிமிராமலே. "நேத்தும் தலைக்கு எண்ணெ வெச்சுக்கினுதான் வந்தேன்."