கிப்லா மாறாத கப்பல்

கல்முனைப் பிரதான வீதியில், புடவைக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அஸ்னாவின் துப்பறியும் அலுவலகம். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் தயங்கித் தயங்கித்தான் படியேறுவார்கள். அபூசாலி அப்படி வரவில்லை. தடதடவென்று ஏறி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைத் தொடாமலே சொன்னார்:

"என்ட மச்சான் கப்பலுக்குப் போனானா இல்லையா எண்டு எனக்குத் தெரியணும், தங்கச்சி."

அஸ்னா காப்புறுதி நிறுவனமொன்றில் நீண்ட காலம் விசாரணை அதிகாரியாக இருந்தவர். மனிதர்கள் பொய் சொல்லும் விதங்களை அருகிலிருந்து பார்த்தவர் என்பதால், யாரையும் சட்டென்று சந்தேகிப்பதில்லை. அவருக்கு உதவியாளன் பாண்டிருப்பைச் சேர்ந்த சுஜிந்தன். பத்திரிகை நிருபராக இருந்துவிட்டு வந்தவன். எந்தச் சின்ன விஷயத்துக்குப் பின்னாலும் பெரிய சதி ஒன்று இருந்தே தீர வேண்டும் என்பது அவனுடைய கட்சி. இப்போதும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

"ஆறுதலாச் சொல்லுங்க. மச்சான் எண்டா யாரு?" என்றார் அஸ்னா.

"றாஸிக். அட்டாளைச்சேனையில நெல் மில் வெச்சிரிக்கான். அவன்ட தங்கச்சி றாஹிலாவத்தான் நான் முடிச்சிரிக்கன். அதுக்கு முந்தியே பள்ளிக்கூடத்துல ஒரே வாங்குல இரிந்த கூட்டாளிகள். ஜும்ஆ முடிஞ்சா ஒரு கிழமை என்ட வீட்டுல சோறு, மறு கிழமை அவன்ட வீட்டுல. இது எங்கட கலியாணத்துல இரிந்து நடக்கிற பழக்கம்."

அபூசாலி ஹாட்வெயார் கடை முதலாளி. பேரம் பேசிப் பேசி உரத்துப் போன குரல். அடுத்ததைச் சொல்லும்போது அந்தக் குரல் இறங்கியது.

"என்ட உம்மா படுக்கையில கிடந்த காலமெல்லாம் றாஹிலாதான் பாத்தா. வீட்டு வாசலத் தாண்டினதில்ல. உம்மா மௌத்தான பொறகு, இவவ ஒருக்காச் சந்தோஷமா எங்கயாச்சும் கூட்டிப் போகணும் எண்டு நானும் றாஸிக்கும்தான் கதைச்சம். நாலு பேரும் சிங்கப்பூர்ல இரிந்து கப்பல்ல போறதா முடிவு. எல்லாம் ஒழுங்கு பண்ணின பொறகு அவன் சொல்றான், 'உன்ட கப்பல் சின்னது மச்சான், அது எங்களுக்குச் சரிவராது, நாங்க துபாயில பெரிய கப்பல் எடுத்திட்டம்' எண்டு."

"அதே கிழமையா?"

"ஓம், அதே கிழமைதான். பொறகு துபாயில மகன்ட வீட்டுல நிண்டு வந்தாங்களாம். வந்த நாள்ல இரிந்து என்ட கப்பலா உன்ட கப்பலா எண்டு போட்டி. நான் ஒண்டு சொன்னா அவன் அதுக்கு மேல ஒண்டு சொல்லுவான். ஆனா காட்ட ஒரு படம் இல்ல. போன் கடலுக்குள்ள விழுந்திட்டாம்."

"ரெண்டு பேர்ட போனுமா?" என்று பாய்ந்தான் சுஜிந்தன்.

"அவன்ட பொஞ்சாதி ஆகிலா போனைக் கொண்டே போகல்லயாம்."

அஸ்னா சற்று யோசித்தார். "அவரு ஆள் ஏதும் மாறியிரிக்காரா?"

அபூசாலி ஜன்னல் பக்கம் பார்த்தார். "கண்டா கட்டிப் பிடிக்கிறவன், தங்கச்சி. பெருநாளைக்கு மட்டுமில்ல, ஆணி வாங்கக் கடைக்கு வந்தாலும் கட்டிப் பிடிச்சுத்தான் ஸலாம் சொல்லுவான். இப்ப எட்ட நிண்டு கைய மட்டும் தாறான். என்னோட ஒரு கப்பல்ல போக ஏன் அவனுக்கு ஏலாமப் போச்சு? போகாத கப்பலுக்குப் போனதா எனக்கிட்டப் பொய் வேற சொன்னான் எண்டா, இனி அந்த வீட்டு வாசல்ல கால் வைக்க மாட்டன்."

"இந்த வெள்ளிக்கிழமை சாப்பாடு எங்க?"

"என்ட வீட்டுல."

"எங்களையும் கூப்பிடுங்க. நான் கப்பல்ல போக யோசிக்கிறன், எந்தக் கப்பல் நல்லம் எண்டு கேட்க வாறன் எண்டு சொல்லுங்க. மிச்சத்த அவங்களே சொல்லுவாங்க."

*

அபூசாலியின் வீட்டு முன்மண்டபத்தில் நெய்ச்சோற்று வாசம் நிறைந்திருந்தது. றாஸிக் மெலிந்த மனிதர், சிரித்த முகம். அவர் செற்றியில் உட்காரும்போதே ஆகிலா பக்கத்துக் குஷன் ஒன்றை எடுத்து அவருடைய மடியில் வைத்தார். அதை வைத்துவிட்டுத்தான் தானும் உட்கார்ந்தார்.

"எந்தக் கப்பல் எண்டு கேட்டா, யோசிக்கத் தேவையில்ல," என்று அபூசாலி தொடங்கினார். "எங்கட கப்பல்ல ஏறின அண்டைக்கே ஒரு சங்கு ஊதினாங்க. எல்லாரும் மிதக்கிற அங்கியோட போய் வரிசையா நிண்டு, கப்பல் மூழ்கினா என்ன செய்யிற எண்டு பழகணும். றாஹிலா பயந்து போய்க் கலிமா சொல்லிட்டா!"

"சும்மா இரிங்க," என்றார் றாஹிலா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. கடலைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே அவருடைய முகம் மலர்ந்துவிடுவதை அஸ்னா கவனித்தார்.

"எங்கட கப்பல்ல அப்பிடிக் கரைச்சல் ஒண்டுமில்ல," என்றார் றாஸிக். "போனம், படுத்தம்."

"சாப்பாடு?" என்று கேட்டார் அஸ்னா.

"இவங்கட கப்பல்ல போல கண்டதையும் அள்ளிப் போட மாட்டாங்க. உப்புக் குறைவு, எண்ணெய் குறைவு. சுகத்துக்கு நல்லம். விடியக் காலமயே லைட்டப் போட்டு எழுப்பித் தேத்தண்ணி தருவாங்க."

"அது என்ன சுகம்? விடுமுறைக்குப் போய் விடியச் சாமம் எழும்பவா?" என்று அபூசாலி பாய்ந்தார். "எங்கட கப்பல்ல பகல் வரைக்கும் ஒருத்தனும் கதவத் தட்ட மாட்டான். ஒரே ஒரு கஷ்டம் தொழுகைக்குத்தான். கப்பல் திரும்பத் திரும்பக் கிப்லாவும் திரும்பும். லுஹருக்குப் பாத்த பக்கம் அஸருக்கு இல்ல. ஒவ்வொரு வக்துக்கும் போனைப் பாத்துத்தான் முஸல்லாவ விரிச்சம்."

"அதுதான் சொன்னன், சின்னக் கப்பல் எண்டு! எங்கட கப்பல் அசையாது, மச்சான். கிப்லா முதல் நாள் பாத்த பக்கம்தான் கடைசி நாள் வரைக்கும்."

"எங்கெங்க போனீங்க?" என்று அஸ்னா மெதுவாகக் கேட்டார்.

"துபாயில வெளிக்கிட்டு, மஸ்கட்டெல்லாம் போய், கிறுகித் துபாயிக்கே வந்தம்."

"பக்கத்துக் கட்டில்ல ஒரு கண்டி ஆளு இரிந்தாரு," என்று ஆகிலாவும் உற்சாகமாகச் சேர்ந்துகொண்டார். "நல்ல மனிசன். இவருக்கு..." அத்தோடு நிறுத்தி, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அபூசாலி ஏதோ பகிடி சொன்னார். றாஸிக் வாய்விட்டுச் சிரிக்க, சிரிப்பு இருமலாக மாறியது. அந்தக் கணமே இரண்டு கைகளாலும் குஷனை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இருமல் நின்ற பிறகுதான் கை தளர்ந்தது.

அஸ்னா அதற்குப் பிறகு கப்பலைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. றாஹிலாவின் வட்டிலாப்பத்தைப் புகழ்ந்துவிட்டு விடைபெற்றார்.

முச்சக்கர வண்டியில் ஏறியதும் சுஜிந்தன் கிசுகிசுத்தான். "அக்கா, துபாய் எண்டா தங்கம்தான். கடத்தல். படம் இல்லாத காரணம் அதுதான்."

"தங்கம் கடத்துறவருக்கு ஏன் சாப்பாட்டுல உப்பக் குறைக்கணும்?" என்றார் அஸ்னா.

மறுநாள் அவர் தனியாக அட்டாளைச்சேனைக்குப் போய், றாஸிக் மில்லுக்குப் போயிருந்த நேரத்தில் ஆகிலாவைச் சந்தித்து வந்தார். வந்ததும் அபூசாலிக்கு ஆள் அனுப்பினார்.

*

"அவரு கப்பலுக்குப் போகல்ல," என்றார் அஸ்னா.

அபூசாலி மேசையில் ஓங்கி அறைந்தார். "நான் சொன்னன்!"

"கொஞ்சம் பொறுங்க. எப்பிடித் தெரியும் எண்டு முதல்ல கேளுங்க. எந்தப் பெரிய கப்பலா இரிந்தாலும், ஏறினதும் நீங்க சொன்ன அந்தப் பயிற்சி நடந்தே தீரும். அது கடல் சட்டம். அவருக்கு அது தெரியாது. அதோட, அந்தக் கிப்லா."

"கிப்லா எண்டா மக்கா இருக்கிற திசை, அதுதானே அக்கா?" என்றான் சுஜிந்தன்.

"ஓம். அந்தப் பக்கம் பாத்துத்தான் தொழணும். கப்பல் எவ்வளவு பெரிசா இரிந்தாலும் திரும்பாம இரிக்க ஏலா. துபாயில வெளிக்கிட்ட கப்பல் துபாயிக்கே வந்ததெண்டு அவரே சொன்னாரு. அப்ப போகக்குள்ள வலப் பக்கம் இரிந்த கிப்லா வரக்குள்ள இடப் பக்கம் வந்திரிக்கணும். முதல் நாள் பாத்த பக்கமே கடைசி வரைக்கும் கிப்லாவா இரிந்ததெண்டா, அவரு படுத்திரிந்த அறை நகரவேயில்ல."

"அப்ப எங்க இரிந்தான்?"

"அவரு பொய்யா ஒண்டும் இட்டுக்கட்டல்ல. தான் இரிந்த இடத்தத்தான் கப்பல் எண்டு சொன்னாரு. உப்பில்லாத சாப்பாடு. விடியக் காலம லைட்டப் போட்டு எழுப்புற ஆக்கள். ஆகிலா வாய் தவறிச் சொன்ன பக்கத்துக் கட்டில். புருஷன் பொஞ்சாதி போற கப்பல் அறையில பக்கத்துக் கட்டில்ல கண்டி ஆளு எப்பிடி வருவாரு? வாட்டுலதான் பக்கத்துக் கட்டில் இரிக்கும்."

அபூசாலியின் முகத்திலிருந்த கோபம் எங்கோ போயிருந்தது. "ஆஸ்பத்திரியா?"

"காப்புறுதி வேலையில இப்பிடியான ஆக்கள நிறையப் பாத்திரிக்கன். நெஞ்சப் பிளந்து ஆப்பிரேஷன் செய்தவங்களுக்கு, இருமல் வந்தா தலகணிய நெஞ்சோட இறுக்கிப் பிடிக்கச் சொல்லித்தான் அனுப்புவாங்க. அந்த எலும்பு பொருந்த மாதக் கணக்காகும். அதுவரைக்கும் ஒருத்தரும் கட்டிப் பிடிக்க ஏலா."

அபூசாலி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தர்ட நோயைப் பற்றி ஊகத்துல சொல்லக் கூடாது எண்டுதான் ஆகிலாவக் கண்டு வந்தன்," என்று அஸ்னா தொடர்ந்தார். "இதயத்துக்குப் போற குழாய்கள் அடைச்சிரிந்தது. கொழும்புல ஆப்பிரேஷனுக்குக் குடுத்த திகதி உங்கட பயணத்துக்குள்ள வந்திட்டுது. சொன்னா நீங்க ரெண்டு பேரும் போக மாட்டீங்க. 'என்ட தங்கச்சி இப்பதான் ஒருக்கா வெளிய போறாள், அவள்ட பயணத்த நான் கெடுக்க மாட்டன்' எண்டாராம். உங்களக் கோவப்படுத்தினாத்தான் கேள்வி கேக்காமப் போவீங்க. அதுக்குத்தான் சின்னக் கப்பல் எண்டு சொன்னது."

"வந்த பொறகாவது சொல்லியிரிக்கலாமே!"

"றாஹிலா கடலைப் பற்றிக் கதைக்கக்குள்ள அவங்கட முகத்தப் பாத்தீங்களா? அது போயிரும் எண்டு பயந்தாரு. 'எனக்கு இனிப் பொய் சொல்ல ஏலா, அவருக்கிட்டச் சொல்லுங்க' எண்டு ஆகிலாதான் அனுமதி தந்தாங்க. என்ட வேல முடிஞ்சுது. இனி என்ன செய்யிற எண்டுறது உங்கட முடிவு."

அபூசாலி எழுந்து, வந்த வேகத்துக்கு எதிர்மாறாக, கைபிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போனார்.

*

அடுத்த வெள்ளிக்கிழமை அட்டாளைச்சேனையில் சாப்பாடு. அஸ்னாவும் சுஜிந்தனும் போயிருந்தார்கள். சுஜிந்தன் எதையும் உளறிவிடக் கூடாதென்று வழியெல்லாம் அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

"என்ன தங்கச்சி, முடிவெடுத்தாச்சா? எந்தக் கப்பல்?" என்று றாஸிக் உற்சாகமாகக் கேட்டார்.

அஸ்னா வாய் திறப்பதற்குள் அபூசாலி சொன்னார்: "உன்ட கப்பல்தான், மச்சான். நான் தோத்திட்டன்."

றாஸிக்கின் கை சோற்றில் நின்றது. கெரம் விளையாட்டில்கூட அபூசாலி தோல்வியை ஒத்துக்கொண்டதில்லை.

"என்ட கப்பல்ல நாங்க திண்டம், சிரிச்சம், படம் எடுத்தம்," என்றார் அபூசாலி. "ஆனா நாங்க நாலு பேரும் போயிரிக்க வேண்டியது உன்ட கப்பல்லதான்."

றாஸிக் மனைவியைப் பார்த்தார். ஆகிலா தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன கதைக்கிறீங்க ரெண்டு பேரும்?" என்றார் றாஹிலா. "மதினி, ஏன் அழுறீங்க?"

இனி மறைக்க இடமில்லை என்று றாஸிக்குக்குத் தெரிந்துவிட்டது. இடக்கையால் சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றினார். நெஞ்சின் நடுவே நேர்கோடாக இறங்கியது தழும்பு.

"கோவிக்காத புள்ள," என்றார்.

றாஹிலா எழுந்து வந்தார். அடிக்கப் போகிறவர் போல ஓங்கிய கை பாதியில் நின்று, பயந்து, அண்ணனின் தோளில் மெதுவாக இறங்கியது.

"எப்ப, காக்கா?"

"நீ கடல்ல இரிந்த கிழமை."

"நான் போன் எடுக்கக்குள்ள ஒரே இரைச்சலா இரிந்திச்சே? கடல் காத்து எண்டீங்க?"

"அது வாட்டு பேன்."

யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. சுஜிந்தன் மட்டும் சிரித்துவிட்டு, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். றாஹிலா அவனைக் கவனிக்கவில்லை. "நோவா இரிந்திச்சா?" என்று கேட்டார்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு படி மேலே போய்ப் பதில் சொல்லிப் பழகிய மனிதர், "ஓம் புள்ள," என்று மட்டும் சொன்னார்.

றாஹிலா அழுதார். அழுகைக்கு நடுவே, ஏசவும் ஆள் வேண்டியிருந்தது. கணவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் தெரியுமா? தெரிஞ்சிக்கிட்டா வாய மூடிக்கிட்டு இரிந்தீங்க?"

"அவனாச் சொல்லட்டும் எண்டுதான்..." என்று இழுத்தார் அபூசாலி.

"அவனுக்கு இவ்வளவு நாளாப் புரியல்ல புள்ள, பாவம். அவன ஏசாத," என்றார் றாஸிக்.

"நீங்க வாயத் திறக்காதீங்க!"

இரண்டு மச்சான்மாரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். றாஹிலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அண்ணனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவருடைய தட்டிலிருந்த இறைச்சித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கணவனின் தட்டில் போட்டார்.

"மதினி, அடுத்த கிளினிக் எப்ப?" என்று கேட்டார்.

"வாற புதன்."

"நானும் வாறன். இவரும் கடையப் பூட்டிட்டு வருவாரு." பிறகு அண்ணனைப் பார்த்து, இன்னும் ஈரமாயிருந்த கண்களோடு, விரலை நீட்டினார். "காக்கா, கேளுங்க. இனி எனக்கிட்டச் சொல்லாம நீங்க தும்மவும் ஏலா."

"ஓம்," என்றார் றாஸிக். உப்புக் குறைந்த கீரையைச் சோற்றோடு பிசைந்து, தங்கை பார்த்திருக்க, மறுபேச்சில்லாமல் சாப்பிடத் தொடங்கினார்.