இருட்டாக இருக்க வேண்டிய ஸ்லைடு

இருட்டாக இருக்க வேண்டிய ஸ்லைடு பச்சையாக ஒளிர்ந்தது.

மைக்ரோஸ்கோப் அறையின் கறுப்புத் திரைக்குள், ஏசியின் ஓயாத முனகலையும் விளக்குச் சூட்டில் கருகும் தூசி வாடையையும் சகித்துக்கொண்டு, அவள் மறுபடி குனிந்து பார்த்தாள். உயிர் பிரிந்து ஒரு நாள் ஆன பிறகே செல்களில் தலைகாட்டும் ஒரு புரதம். அதை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி, கூடவே பச்சைச் சாயம். உயிருள்ள ஆளின் செல் என்றால் எதுவும் ஒட்டாது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த உயிருள்ள ஆட்களின் செல்கள் காலையில் தீர்ந்திருந்தன. படிவம் எழுதிக் கொடுத்துவிட்டு யார் காத்திருப்பது என்று தன் கன்னத்தின் உட்புறத்தையே பஞ்சால் வழித்து இந்த ஸ்லைடில் வைத்திருந்தாள். செய்யக் கூடாத வேலைதான்.

ஆன்டிபாடி கெட்டிருக்கும். பக்கத்து மேசைக்காரரிடம் கெஞ்சி அவர் கன்னத்திலும் வழித்தாள். இரண்டு மணி நேரம் கழித்து அவரே குனிந்து பார்த்தார். ஏசிக் குளிரில் அவர் மூச்சுப் பட்டு லென்ஸ் மங்கியது. துடைத்துக்கொண்டே, “சுத்தமா இருட்டா இருக்கு. உங்க ஆன்டிபாடிக்கு ஒரு குறையும் இல்லைங்க,” என்றார்.

அவள் குனிந்தபோது லென்ஸ் மங்கவில்லை. காலையிலிருந்தே மங்கவில்லை.

நேற்றுக் காலை ஈரச் சாலையில் ஸ்கூட்டர் சறுக்கி லாரிக்கு முன்னால் விழுந்தது நினைவுக்கு வந்தது. ஒரு கீறல்கூட இல்லை. எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனார்கள்.

போனார்கள். அவளும், பின்னால் உட்கார்ந்திருந்த மகளும்.

நான் எப்படிப் போனாலும் போகட்டும், அவள் மட்டும் வேண்டாம். பள்ளிக்கு ஓடி மகளை அழைத்து வந்து, விளையாட்டு என்று சொல்லி வாயைத் திறக்கச் செய்தாள். சாயம் ஏறும்வரை மகள் வராந்தாவில் நொண்டியடித்துக்கொண்டிருந்தாள். டக். டக். டக்.

ஸ்லைடை வைத்தாள். பார்க்கத் துணிவில்லை. விளக்கைப் போட்டாள்.

சத்தம் நின்றது. திரை விலகியது. மகள் ஸ்டூலில் ஏறி, அவளுக்கு முன்பே குனிந்தாள்.

“அம்மா, எல்லாம் பச்சையா மின்னுது. யாரோடதும்மா இது?”

மூக்கை லென்ஸில் அழுத்தி, மகள் சிரித்துக்கொண்டே பார்த்தாள். கண்ணாடி மங்கவேயில்லை.