தன்பெயர்

கணினி நிரல்களைக் கட்டும் கட்டுமான அறையில் அன்று விடியலில் இருந்தவர்கள்: இரவுப்பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாத ரொசாரி, கடல்நீரைக் குடிநீராக்கும் அந்த நிலையத்தின் அதிகாரி கோமதிநாயகம், பழைய கணினி இயந்திரங்களை விற்ற கம்பெனியின் ஆள் சாந்தகுமார். பழையவற்றுக்குப் பதிலாகப் புதிதாக இறக்கிய, உள்ளூரில் செய்த இயந்திரமும் இருந்தது.

நச்சு நிரல் ஊர் ஊராகக் குடிநீரைக் கெடுத்த ஆண்டுக்குப் பிறகு, ஏற்கெனவே கட்டி வைத்த ஆயத்த நிரலை எங்கும் ஓட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. தினமும் விடியலில் மூலநிரலிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டும். முதலில் மற்ற நிரல்களைக் கட்டித்தரும் நிரலான கட்டுமானக் கருவி. பிறகு அதைக்கொண்டு பம்பு நிரல். கட்டி முடியாமல் பம்பு சுழலாது.

அன்று முதல் படியே தாண்டவில்லை. கருவி அழைக்கும் ‘தன்பெயர்’ என்ற சார்பு, அந்தச் சிறு நிரல்துண்டு, புது இயந்திரத்தின் நிரல் நூலகத்தில் இல்லை என்றது திரை.

“அது என்னம்மா பண்ணும்?” என்றார் கோமதிநாயகம்.

“ஒண்ணும் கிழிக்காது அண்ணாச்சி. பிழைச்செய்தி வந்தா முன்னால கருவியோட பேரைப் போடும். இவங்க மெஷின் நூலகத்துல மட்டும்தான் அது உண்டு.”

சாந்தகுமார் சிரித்தார். “அப்ப ஊரெல்லாம் எங்க மெஷின்தானே மேடம். பழையது ஒண்ணு வாடகைக்கு அனுப்புறோம். மூணு நாள்ல வரும்.”

“பேரு போட மூணு நாளா? எங்கண்ணன் டயாலிசிஸ் படுக்கையில கிடக்கான். தண்ணி இல்லாம அது ஓடாது. உம்ம மூணு நாளை அவன் ரத்தத்துக்கிட்ட போய்ச் சொல்லும்.”

அவள் விசைப்பலகையை இழுத்தாள்.

“ஏ ரொசாரி, தொடாத! தெரியும்லா?” என்றார் கோமதிநாயகம்.

தெரியும். நச்சு அன்று நுழைந்ததே கட்டுமானக் கருவி வழியாகத்தான். அதில் கைவைக்கும் ஆளை, மாற்றத்தைச் சரிபார்த்து முடிக்கும்வரை காப்பறையில் அடைக்க வேண்டும் என்பது சட்டம்.

எந்த நிரலும் தொடங்கும்போது முதல் சொல்லாக அதன் பெயர் தானாகவே வந்து சேரும். எல்லா இயந்திரத்திலும் அப்படித்தான். ரொசாரி அதை ஒரு மாறியில், நிரலின் நினைவிடம் ஒன்றில், பிடித்து வைத்தாள். அந்தச் சார்பை அழைத்த இடத்தில் மாறியைப் போட்டாள். இரண்டே வரி. கருவி உருவானது, அது பம்பு நிரலைக் கட்டியது. பம்பு உறுமியது.

“முதல்ல ஆஸ்பத்திரிக்குத் திறங்க.”

கோமதிநாயகம் திறந்துவிட்டார். பிறகு காப்பறைச் சாவியை எடுத்தார்.

“சரிபாக்குறது யாரு?” என்றாள் ரொசாரி.

“கருவி எங்களோடது. நாங்கதான்,” என்றார் சாந்தகுமார்.

“ரெண்டு வரி. இப்பவே படிச்சிட்டுப் போம்.”

“படிச்சா செல்லாது மேடம். எங்க பழைய மெஷின்ல ஓட்டித்தான் பாக்கணும். ஊர் அதை வாடகைக்கு எடுக்கட்டும், பாக்கலாம்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் கிளம்பினார்.

“அண்ணாச்சி, வாடகைக்கு எடுக்காதீங்க,” என்றாள் ரொசாரி. “எனக்காகன்னு சொல்லியும் எடுக்காதீங்க. எடுத்தா ஊர் மறுபடி இவங்க கையிலதான்.”

கோமதிநாயகம் காப்பறையைத் திறந்தார். அவளே காப்பறைக்குள் நடந்தாள். அவளுக்குப் பின்னால் கதவு மூடியது, பூட்டு விழுந்தது.