பின்னால் போகாத சீட்

சீட் முன்னால் வந்திருந்தது. ஏறி உட்கார்ந்ததுமே முழங்கால் ஸ்டியரிங்கின் அடியில் இடித்தது. நேற்று மாலைதான் இரண்டு காலையும் தாராளமாக நீட்டும்படி சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளிவைத்திருந்தார். யாரோ கை வைத்திருக்கிறார்கள். காலையிலேயே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மனைவிக்குப் போன் போட்டார். "என் வண்டியை எடுத்தியா நீ?"

"நானா? எனக்கு க்ளட்ச் மிதிக்கவே வராதுன்னு தெரியாதா உங்களுக்கு? அதுல ஏறி இறங்குறதை நெனச்சாலே இடுப்பு வலிக்குது."

பட்டென்று போனை வைத்தார். அடியில் எங்கோ 'டக்' என்றது.

மகள் பிறந்ததிலிருந்து அவர் ஓட்டியதெல்லாம் மற்றவர்களுக்கான வண்டி. ஸ்கூல் பைக்கு இடம் வேண்டும், மாமியார் ஏறத் தோதான உயரம் வேண்டும், மளிகைக்கு டிக்கி வேண்டும். ஆபீஸிலோ, ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டிலும் மெத்தையும் வாங்கிக் கொடுக்கிற வேலையிலேயே தலை நரைத்துவிட்டது. ஐம்பது வருகிறது, இந்தத் தடவை எனக்கு என்று கிளம்பினார். கட்டுப்படியாகும் விலையில் புதிதாகக் கிடைத்தவை எல்லாம் உப்புச்சப்பில்லாத ஆட்டோமேட்டிக் வண்டிகள். அதில் ஒன்றைத்தான் வாங்கச் சொன்னாள் மனைவி. அவர் பிடிவாதமாகப் பழசில் தேடினார். கடைசியில் இது அகப்பட்டது: இரண்டே கதவு, கையால் போடும் கியர், மிதித்தால் முதுகைச் சீட்டோடு ஒட்டவைக்கும் இன்ஜின்.

"ஒரே ஓனர் சார்," என்றார் புரோக்கர். "மனுஷன் கொஞ்சம் கோவக்காரர். ஆனா வண்டியை கண்ணும் கருத்துமா பாத்துக்கிட்டார்."

"அப்புறம் ஏன் விக்கிறார்?"

"அவர் விக்கல சார், வீட்டம்மா விக்கிறாங்க," என்றவர் பானட்டைத் துடைக்கப் போய்விட்டார்.

இப்போது சீட்டுக்கு அடியிலிருந்த லீவரைத் தூக்கிப் பின்னால் தள்ளிப் பார்த்தார். சீட் அசையவில்லை. சரி, சாயந்திரம் மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று வண்டியைக் கிளப்பினார். ஏசியிலிருந்து வெயிலில் காய்ந்த பழைய தோலின் வாசனையும், அதனடியில் யாருடையதோ ஒரு வியர்வை வாசனையும் கலந்து வந்துகொண்டிருந்தன. பைக்காரன் ஒருவன் குறுக்கே புகுந்தான். கண்ணாடியை இறக்கி வாய்க்கு வந்தபடி திட்டினார். டக். வயிறு ஸ்டியரிங்கைத் தொட்டது. சிக்னலில் பின்னால் நின்றவன் விடாமல் ஹாரன் அடித்தான். டக்.

மாலை மழை பிடித்துக்கொண்டது. மெக்கானிக் கடை பூட்டியிருந்தது. எரிச்சலோடு வீடு திரும்பினால், கீழ்த்தளப் பார்க்கிங்கில் பக்கத்து வீட்டு ஜீப் கோட்டைத் தாண்டி நின்றது. மனிதனா இவன்? வெளியே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். என் இடம், நான் ஏன் விட வேண்டும் என்று வீம்புக்கு உள்ளே செருகி இன்ஜினை அணைத்தார். ஒரு பக்கம் ஜீப், அவர் பக்கம் தூண். இரண்டு கதவு வண்டியின் கதவு நீளமானது. ஒரு சாண் திறந்து தூணில் முட்டி நின்றது.

"அடச்சே!"

டக்.

முழங்கால்கள் சிக்கிக்கொண்டன. க்ளட்ச்சை மிதிக்கக் கால் நகரவில்லை, வண்டியை எடுக்கவும் வழியில்லை. சாய்மானத்தின் திருகும் சுற்றவில்லை. மேலே குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. அந்த வியர்வை வாசனை இப்போது பிடரிக்குப் பின்னால் இருந்தது. மனைவிக்குப் போன் செய்தார்.

அவள் குடையோடு வந்து தூணுக்கும் வண்டிக்கும் நடுவே எட்டிப் பார்த்தாள். "லீவரைத் தூக்குங்க."

"தூக்கினேன்டி!"

டக். விலா எலும்பு நெரிந்தது. போன் நழுவிக் காலடியில் விழுந்தது.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. காலையிலிருந்து ஒவ்வொரு தடவையும். ஒவ்வொரு கோபத்துக்கும்.

கோபப்படக் கூடாது. அவ்வளவுதான். கோபம் வராத எதையாவது நினைக்க வேண்டும். ஆபீஸ். வேண்டாம். புரோக்கர். ஐயோ, வேண்டாம். மகள். இந்த வயசுல இதெல்லாம் தேவையாப்பா என்று சிரித்தாளே. வேண்டாம். வேறு எதுவுமே வரவில்லை. இத்தனை வருடத்தில் ஒன்றுகூட இல்லை.

மூச்சைச் சின்னச் சின்னதாக இழுத்தார். மெதுவாக. மெதுவாக. சீட் சும்மா இருந்தது.

மனைவி குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் அந்த முகத்தை அவளுக்குத் தெரியாதா?

"எப்பப் பாரு கோவம்," என்றாள். "மொதல்ல கோவப்படாம இருங்க."

சொல்லாதே என்று கெஞ்ச நினைத்தார். மூச்சு இல்லை. அடிவயிற்றிலிருந்து அது கிளம்பிவிட்டது.

டக். டக்.

கீழ்த்தளம் முழுக்க ஹாரன் அலறியது.

"ஐயோ, மொதல்ல அதுலேருந்து கையை எடுங்க!" என்று காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள் மனைவி.

ஹாரன் நிற்கவில்லை. அவருடைய கைகள் இரண்டும் சீட்டின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன.